இடையிசை தெரியும், படம் தெரியாது

பல்லவியைப் போட்டால் எல்லோரும் ஜெயித்துவிடுவார்கள். அதனால் எங்கள் ஆட்டத்தில் பல்லவி கிடையாது. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால் வருகிற மியூசிக்கை மட்டும் கைப்பேசியில் பத்து வினாடி ஓடவிடுவோம். கேட்கிறவர் நான்கு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன பாட்டு, எந்தப் படம், யார் இசை, யார் குரல். இணையத்தைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் முணுமுணுத்து உதவலாம், பெயரைச் சொல்லக் கூடாது.

தமிழ்ப் பாட்டுக்கு முதல் அடிதான் பெயர். தொடக்கத்தைக் கேட்டதுமே பெயரும் கிடைத்துவிடுகிறது. அப்புறம் அதில் சோதிக்க என்ன இருக்கிறது? நடுவிலிருந்து தொடங்கினால்தான் ஒரு பாட்டு ஒருவருக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

ஊர் மலேசியாவில் இருக்கிற சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால் மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊரைத் தேடினால் 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததும் இருக்கும். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பதும் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்ட நேரத்தில், 1960-இல், தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கட்டும் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். நான் வளர்ந்த தோட்டம் அப்படியெல்லாம் காப்பாற்றப்படவில்லை. தொழிலாளர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் போய்விட்டன, கோவில் மட்டும் இருக்கிறது. ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புகளிலும், ஈப்போவிலும், கிள்ளான் பக்கத்திலும், சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

இங்கேயே தங்கிவிட்ட சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பிக்கடையில் கூடுகிறோம். லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிற ஓர் அக்கா. செம்பனை ஆலையில் மெக்கானிக்காக இருக்கிற என் மச்சான். சில வாரம் அவருடைய மகளும் வருவாள், கல்லூரியில் படிக்கிற பிள்ளை. வெளியூரிலிருந்து பழைய தோட்டத்து ஆள் யாராவது கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ வந்தால் அவரையும் உட்கார வைத்துவிடுவோம்.

எந்தப் பாட்டை எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'இளைய நிலா'வின் கித்தாரைப் போட்டால் இரண்டாவது வினாடியில் கை தூக்கிவிடுவார்கள். சாகாத பாட்டுகள் அவை, யாரும் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. வந்த வேகத்தில் காணாமல் போன பாட்டுகளும் வேண்டாம், அவற்றை எடுத்தால் வெறும் மௌனம்தான் மிஞ்சும். நான் தேடுவது இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றை. வந்த வருடம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஓடியிருக்கும். பிறகு வானொலி அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கும், தொலைக்காட்சி மறந்திருக்கும். இன்று அதன் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆனால் அந்தப் புல்லாங்குழல் எழும்பியதும் முகம் மாறும். "தெரியும்லா, தெரியும்லா, வாய்க்குள்ளயே இருக்கு" என்று அண்ணன் மேசையைத் தட்டுவார். அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

இதில் நான் பிடிவாதமாக வைத்திருக்கிற கேள்வி, யார் இசை என்பது. எண்பதுகளின் பாட்டு எதைப் போட்டாலும் முதலில் வருகிற பதில் இளையராஜா. அது நியாயமான ஊகம்தான். 1976-இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து 1992-இல் 'ரோஜா' வருகிற வரைக்கும் எங்கள் காதில் விழுந்தவற்றில் பெரும்பங்கு அவருடையது. அவர் கட்டிய வீட்டுக்குள்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனாலும் அந்த ஒரே பதிலுக்குள் பல பேருடைய உழைப்பு காணாமல் போகிறது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

'மாமரத்துப் பூவெடுத்து' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் வந்த 'ஊமை விழிகள்' படத்தில் வருவது. திரைப்படக் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த படம், இசை மனோஜ்–கியானும் ஆபாவாணனும். இந்தப் பாட்டு எங்களில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் இளையராஜா என்றார்கள். 1988-இல் வந்த 'செந்தூரப்பூவே' படத்தின் தலைப்புப் பாட்டும் அப்படித்தான், அதுவும் மனோஜ்–கியான். அதே வருடம் வந்த 'கொடி பறக்குது' இன்னும் சிக்கலானது. பாரதிராஜா இயக்கம், ரஜினி நடிப்பு, 'சேலை கட்டும் பெண்ணுக்கொரு' பாட்டு. பாரதிராஜா என்றால் இளையராஜா என்று மூளை தானாகவே சேர்த்துக்கொள்கிறது. இசை கன்னடத்து ஹம்சலேகா. 1987-இல் வந்த 'மனிதன்' படத்தின் 'வானத்தைப் பார்த்தேன்' சந்திரபோஸ். 1993-இல் வந்த 'அமராவதி'யின் 'தாஜ்மகால் தேவையில்லை' பாலபாரதி. 1992-இல் 'அமரன்' படத்துக்காக நடிகர் கார்த்திக் தானே பாடிய 'வெத்தல போட்ட சோக்குல' ஆதித்யன். 'அழகன்' படத்தின் 'சாதி மல்லிப் பூச்சரமே' மரகதமணி. அவர்தான் கீரவாணி என்ற பெயரில் 2023-இல் ஆஸ்கர் மேடையில் நின்றவர் என்று சொன்னதும், மச்சான் சற்று நேரம் பேசவே இல்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போது பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்த பாட்டு, யார் போட்டது என்று முப்பது வருடமாகக் கேட்டதே இல்லை.

இதற்கு எங்கள் ஞாபக சக்தியைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் பாட்டைக் கேட்ட விதமே அப்படி. படத்தைப் பார்க்காமலே பாட்டைக் கேட்டவர்கள் நாங்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள், அது எப்போதாவதுதான். பட்டணத்துக்கு வந்து தியேட்டரில் பார்க்கச் செலவாகும். பாட்டு மட்டும் மூன்று வழியில் வந்துகொண்டே இருந்தது. வானொலி 6, இப்போது மின்னல் என்று சொல்கிற அலைவரிசை. கோவிலிலும் கல்யாணப் பந்தலிலும் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கி. அப்புறம் கேசட்.

கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர்கள் தொலைந்த இடம் அதுதான். வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் பாடகர்களையும் ஒழுங்காகச் சொல்வார். கேசட் எதையும் சொல்லாது. கம்பெனிக் கேசட் வாங்கியவர்கள் எங்கள் லயத்தில் குறைவு. பட்டணத்தில் ஒரு கடையில் நாம் கொடுக்கிற பட்டியலை வெறும் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். ஒரு பக்கம் முப்பது நிமிடம், மறுபக்கம் முப்பது நிமிடம். அட்டையில் பாட்டின் முதல் இரண்டு சொல் இருக்கும், சில சமயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும். அதைப் பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கி இன்னொன்றில் பதிவார், அப்போது அட்டையே இருக்காது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்ற மலிவுக் கேசட்டில் படம் ஒன்று, உள்ளே பாட்டு வேறொன்று என்பதெல்லாம் சாதாரணம். இப்படி இரண்டு மூன்று கை மாறி வரும்போது இசை மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது. படமும் ஆட்களின் பெயரும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

ஆனால் உதிர்ந்த இடத்தில் வேறு பெயர்கள் ஒட்டிக்கொண்டன. இதைத்தான் ஆட்டத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 'சேலை கட்டும்' மியூசிக்கைப் போட்டபோது அண்ணனுக்குப் படம் தெரியவில்லை, இசை தெரியவில்லை. "இது கிராணி வீட்டுக் கல்யாணத்துல போட்ட பாட்டு. மழை வந்து பந்தல் சாஞ்சிருச்சி, பாட்டு மட்டும் நிக்கல" என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். அக்கா உடனே, "அந்தக் கல்யாணத்துக்கு நான் கட்டுன பாவாடை சட்டைகூட ஞாபகம் இருக்குண்ணே" என்றார். இரண்டு பேருக்கும் அந்தப் பாட்டின் பெயர் அதுதான், கிராணி வீட்டுக் கல்யாணப் பாட்டு. வேறொரு பாட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது ஒரு வீட்டு வானொலியில் ஓடியது. இன்னொன்று, தோட்டத்து வாலிபர் ஒருவர் மோட்டாரில் கட்டிக்கொண்டு சுற்றிய பிளேயரில் எப்போதும் ஓடியது. நான் இப்போது இதற்கும் மதிப்பெண் கொடுக்கிறேன். எங்கே கேட்டோம், யார் வீட்டில், யார் இருந்தார்கள் என்பது ஐந்தாவது கேள்வி. சில வாரம் மற்ற நான்கையும்விட இதுதான் அதிக நேரம் ஓடுகிறது.

அண்ணனைப் பற்றி இன்னொன்று. அவருக்குப் பெயர்கள் நிற்காது, ஆனால் சுருதி நிற்கும். அவர் ஒரு பாட்டின் இடையிசையை வாயால் இழுக்கும்போது நான் சத்தமில்லாமல் கைப்பேசியில் அதே பாட்டை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். பல தடவை அப்படியே ஒட்டிப் போகிறது. அவர் சங்கீதம் கற்றவர் இல்லை, ஆர்மோனியத்தைத் தொட்டதுகூட இல்லை. இது அபூர்வம் என்றுதான் நினைத்திருந்தேன். டேனியல் லெவிட்டின் என்கிற ஆய்வாளர் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 46 மாணவர்களிடம் நன்றாகத் தெரிந்த பாப் பாட்டுகளை ஒலிநாடா இல்லாமல் நினைவிலிருந்து பாடச் சொன்னார். பத்தில் நான்கு பேர் குறைந்தது ஒரு தடவையாவது அசல் இசைத்தட்டில் இருக்கிற அதே சுருதியில் பாடினார்கள். அவர்களும் அந்தத் திறமைக்காகப் பொறுக்கி எடுத்தவர்கள் இல்லை. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். நாட்டுப்புறப் பாட்டையோ தாலாட்டையோ ஒவ்வொருவரும் தன் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் பாடுகிறார்கள். பதிவு செய்த பாட்டு ஒவ்வொரு தடவையும் மாறாமல் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வந்து விழுகிறது. நூறு தடவை விழுந்தால் தடம் பதியாமல் என்ன செய்யும்? இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டதைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

பத்து வினாடிகூட அதிகம்தான். கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க்கும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட சோதனையில், பிரபலமான பாட்டுகளிலிருந்து ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பொருத்தச் சொன்னபோது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே பொருத்தியிருக்கிறார்கள். அவ்வளவு சின்னத் துண்டில் மெட்டு என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒலியின் நிறம்தான் இருக்கும். எந்த வாத்தியம், எந்த ஸ்டூடியோ எதிரொலி, எந்தக் குரலின் ஓரம் என்பது. எங்கள் அக்கா பாட்டின் பெயர் தெரியாமலே "இது எம்பத்தாறு எம்பத்தேழு பாட்டு" என்று சொல்வதும் இதனால்தான். அந்த வருடங்களின் எலக்ட்ரானிக் டிரம்ஸ் சத்தம் அவருக்குப் போதும்.

2019-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் குழு செய்தது இன்னும் பெரிய சோதனை. 1940 முதல் 2015 வரை அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் உச்சம் தொட்ட 152 பாட்டுகளைச் சேர்த்து, பெரும்பாலும் இளைஞர்களான 643 பேருக்கு ஆளுக்கு ஏழாகப் போட்டுக் காட்டினார்கள். அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை வந்த பாட்டுகள் இளைஞர்களுக்கு நல்ல பரிச்சயமாக இருந்தன. 2000-க்குப் பிறகு வந்தவை, அவர்கள் காலத்திலேயே வந்தவை, வேகமாக மங்கிக்கொண்டிருந்தன. முதலிடத்துக்கு வந்த பாட்டு என்பதால் நிற்கும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை.

இதைப் படித்தபோது மச்சானின் மகள்தான் கண்முன் வந்தாள். 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லோர் கைப்பேசியிலும் ஓடிய பாட்டைக் கேட்டால் யோசிக்கிறாள். 'வாசமில்லா மலரிது' என்றால் 1980, 'ஒரு தலை ராகம்', டி. ராஜேந்தர், எஸ்.பி.பி. என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். அவளுடைய அப்பா காரில் வேறு எதையும் போட்டதில்லை. கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் இதையேதான் கண்டார்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோர் இளமையாக இருந்த காலத்துப் பாட்டும் மனதில் மேடாக எழுந்து நிற்கிறது. அப்பா அம்மா கேட்டதைப் பிள்ளை வாங்கிக்கொள்கிறது. எங்கள் மேசையில் அது கண்கூடு.

எனக்கு மிகவும் வலித்தது ஒரு குரலின் விஷயம். 'வான் மேகங்களே' மியூசிக்கைப் போட்டேன். 1979, 'புதிய வார்ப்புகள்'. பாட்டைக் கண்டுபிடித்தார்கள், இளையராஜா என்றார்கள், பெண் குரல் ஜானகி என்றார்கள், எல்லாம் சரி. ஆண் குரல்? எஸ்.பி.பி. என்றார் மச்சான். ஜேசுதாஸ் என்றார் விருந்தாளியாக வந்திருந்த ஒருவர். அது மலேசியா வாசுதேவன்.

இந்த நாட்டில் 1944-இல் பிறந்த மனிதர். இங்கே நாடகக் குழுக்களில் இருந்துவிட்டு நடிக்கிற ஆசையில் சென்னைக்குப் போனவர். 1977-இல் '16 வயதினிலே' படத்தின் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' அவரைத் தூக்கி நிறுத்தியது. பிறந்த நாட்டைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே கடைசிவரை வாழ்ந்தார், 2011-இல் காலமானார். ரஜினிக்குப் 'பொதுவாக எம்மனசு தங்கம்' பாடிய அதே தொண்டையில்தான், 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்குப் 'பூங்காற்று திரும்புமா' பாடினார். 'கிழக்கே போகும் ரயில்' படத்தின் 'கோவில் மணி ஓசை', 'நண்டு' படத்தின் 'அள்ளித்தந்த பூமி', 'தூறல் நின்னு போச்சு' படத்தின் 'தங்கச் சங்கிலி' எல்லாம் அவர்தான். முரட்டுக் குரல் என்று ஒரு முத்திரை அவர்மேல் விழுந்துவிட்டது. அதனால் மென்மையாக அவர் பாடியதெல்லாம் மற்றவர்கள் கணக்கில் போய்ச் சேர்கிறது. சென்னையில் உட்கார்ந்து யாராவது இப்படி மாற்றிச் சொன்னால் பரவாயில்லை. சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்லலாமா? அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அவர் பாட்டுகளை மட்டுமே போட்டேன். ஆட்டம் வேண்டாம், கேளுங்கள் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

குரல் விஷயத்தில் இன்னொரு பாட்டும் எப்போதும் எல்லோரையும் தடுக்கி விழ வைக்கும். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'பூங்கதவே தாழ்திறவாய்'. உமா ரமணன் என்று அக்கா சரியாகச் சொல்வார். கூடப் பாடிய தீபன் சக்ரவர்த்தியை யாரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு அழகான பாட்டில் பாதியைப் பாடிய ஒருவரின் பெயர் நம் வாயில் வருவதே இல்லை. 2024-இல் உமா ரமணன் இறந்தபோது இந்தப் பாட்டை வானொலியில் நிறையப் போட்டார்கள். அதற்குப் பிறகு சில வாரம் எல்லோருக்கும் இரண்டு பெயரும் தெரிந்திருந்தது. இப்போது மறுபடியும் ஒரு பெயர்தான்.

'நிழல்கள்' எங்களுக்கு வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியம். அதே படத்தில் எஸ்.பி.பி. பாடிய 'மடை திறந்து' பாட்டை 2006-இல் நம்மூர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் எடுத்து ராப்போடு சேர்த்து 'வல்லவன்' என்கிற ஆல்பத்தில் போட்டார்கள். மலேசியாவில் செய்த ஒரு தமிழ்ப் பாட்டு கடல் தாண்டித் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாயில் ஏறியது. யோகி பி அதற்கு முன்பே பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தவர். இந்தப் பாட்டின் இடையிசையைப் போட்டால் மேசை இரண்டாகப் பிரிகிறது. அண்ணனும் அக்காவும் படத்தின் வயலின்களுக்குள் போகிறார்கள், மச்சானும் மகளும் ராப் வரிகளுக்குப் போகிறார்கள். ஒரே மெட்டு, இரண்டு ஞாபகம். மறக்கத் தொடங்கியிருந்த ஒரு பாட்டை நம் ஊர்ப் பையன்கள் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுத்தார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

மலாய்ப் பாட்டுகளையும் விடுவதில்லை. 1989-இல் சர்ச் (Search) என்கிற மலாய் ராக் குழுவின் 'இசபெல்லா' வந்தபோது தோட்டத்துப் பையன்களும் முடி வளர்த்தார்கள். பினாங்கின் அலிகேட்ஸ் குழுவின் பாட்டுகளை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் பாடினார்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்கிற இரண்டு தமிழ்ச் சகோதரர்களின் குரல் அது. லோகநாதன் 2007-இல் மறைந்துவிட்டார். 'ஹிங்கா அக்கீர் நந்தி'யின் தொடக்கத்தைப் போட்டால் கோப்பி கலக்குகிற பையன்கூட நின்று கேட்பான். சுடிர்மானின் 'பாலேக் கம்போங்' ஆட்டத்துக்கு ஆகாது, ஒவ்வொரு நோன்புப் பெருநாளும் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. 'உன்னைக் கண்டு நான் ஆட' பாட்டைத் தீபாவளி இப்படித்தான் 1959-லிருந்து தூக்கிக்கொண்டு வருகிறது. பண்டிகை கிடைத்த பாட்டுக்குப் பயமில்லை.

பயமெல்லாம் இங்கேயே செய்த தமிழ்ப் பாட்டுகளைப் பற்றித்தான். 'செந்தூரப்பூவே' மறந்துபோனால் வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம். படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது. சென்னையில் யாராவது ஒருவர் அதைப் பாதுகாத்து ஏற்றி வைத்திருக்கிறார். தொண்ணூறுகளில் இங்கே வந்த கேசட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தி கீஸ் குழு, டார்க்கி நாகராஜா மாதிரிப் பெயர் நின்றவர்களுக்குப் பரவாயில்லை, 'அக்கா மக' என்றால் இன்றும் கல்யாண மேடையில் ஆட ஆள் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரே ஒரு கேசட் போட்ட பையன்கள் எத்தனையோ பேர். கீபோர்டு ஒன்று, டிரம் மிஷின் ஒன்று, வாடகை ஸ்டூடியோ. கோவில் திருவிழா மேடையில் பாடுவார்கள், பாடி முடித்துக் கீழே இறங்கிக் கேசட் விற்பார்கள். அந்தப் பாட்டுகளில் நம் பேச்சு இருந்தது, நம் தெரு இருந்தது, பால் வெட்டு இருந்தது. சினிமாப் பாட்டு எவ்வளவு பிடித்திருந்தாலும் அதில் எங்கள் தோட்டம் வந்ததில்லை.

இப்போது ஒரு பாட்டு எங்களைப் படுத்திக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்கு அதன் இடையிசை தெரியும், கீபோர்டில் ஷெனாய் மாதிரி வைத்து வாசித்த ஒரு துண்டு. தாளத்தையும் மேசையில் தட்டிக் காட்டுகிறார். அக்காவுக்கு இரண்டாவது சரணத்தில் ஒன்றரை அடி தெரியும், அம்மா விடியற்காலையில் விளக்கோடு வெட்டுக்குப் போவதைப் பற்றி வருகிறது. முதல் சரணம் தெரியாததால் அவரால் அதற்கு மேல் நகர முடியவில்லை. பாட்டு வரிசையாகத்தான் ஞாபகம் வரும், நடுவில் கயிறு அறுந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மச்சான் அந்தப் பாடகரைப் பார்த்திருக்கிறார். எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவில் பாடினாராம், வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எனக்குக் கேசட் அட்டை ஞாபகம் இருக்கிறது, பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, எழுத்து என்ன என்பது மட்டும் வரவில்லை. பல்லவி யாரிடமும் இல்லை. பல்லவி இல்லாததால் பெயரும் இல்லை. பெயர் இல்லாததால் எங்கேயும் தேட முடியவில்லை. அண்ணனை இழுக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து, பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிற செயலியில் போட்டுப் பார்த்தோம். அது வேறு ஏதோ இந்திப் பாட்டைக் காட்டியது.

தோட்டத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தபோது இந்தப் பாட்டு முழுதாக இருந்தது. யாராவது ஒருவர் பல்லவியைத் தொடங்கியிருப்பார், அடுத்த வீட்டில் இன்னொருவர் சரணத்தை எடுத்திருப்பார். ஆட்கள் கலைந்தபோது பாட்டும் அவர்களோடு துண்டு துண்டாகப் போய்விட்டது. பல்லவி பந்திங்கிலோ பாசிர் கூடாங்கிலோ யார் வீட்டுச் சமையலறையிலோ இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். இனி மாதத்தில் ஒரு ஞாயிறு, உள்ளூர்ப் பாட்டுகள் மட்டும். மதிப்பெண் கிடையாது. யாருக்கு எந்தத் துண்டு தெரிகிறதோ அதைப் பாட வேண்டும், அக்கா நோட்டில் எழுதுகிறார், மச்சானின் மகள் பதிவு செய்கிறாள். யார் எந்தத் தோட்டத்தில் எந்த வருடத்தில் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். பழைய தோட்டத்து ஆட்களின் வாட்சாப் குழுவில் அண்ணன் இழுத்த அந்த ஷெனாய்த் துண்டைப் போட்டிருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "இது எங்கண்ணன் வச்சிருந்த கேசட்" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். தன் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறாராம். அக்காவின் சித்தி வீட்டில், கோலகங்சாரில், ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட் இருக்கிறது. மச்சான் தன் பழைய பிளேயரைப் பிரித்துப் புது பெல்ட் போட்டுவிட்டார், ஓடுகிறது. வருகிற ஞாயிறு டின்னை எடுக்கப் போகிறோம்.